வகுப்பறை உதவியாளராக வருவது எப்படி: யாழ்ப்பாணத்தில் வயது வந்தபின் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் வளர்ந்து தலைதூக்கிய தாய்மார், கடையிலோ அலுவலகத்திலோ செய்த வேலையை விட்டவர்கள், உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள் என்று பலர் வகுப்பறை உதவியாளராக வர வழி கேட்கிறார்கள். ஆரம்பப் பிரிவில் புதியவர்களைப் பழக்குவது என் வேலை. அவர்களில் பெரும்பாலானோர் இடறுவது ஒரே இடத்தில்தான். முதலில் பாடநெறிக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். எந்த வயதுப் பிள்ளைகளோடு, எப்படிப்பட்ட வகுப்பில் நிற்கப்போகிறோம் என்பதை அதற்குப் பிறகுதான் யோசிக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

1. எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்று முடிவெடுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தில் உதவியாளரைத் தேடும் இடங்கள் பெரும்பாலும் மூன்று வகை. முன்பள்ளிகள் ஒன்று. தனியார் மற்றும் சர்வதேசப் பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் இன்னொன்று. கைதடி நவீல்ட், கோண்டாவில் சிவபூமி போன்று விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கென இயங்கும் பாடசாலைகளும் நிலையங்களும் மூன்றாவது. மூன்றுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றல்ல. முன்பள்ளிக்கு ஆட்டம், பாட்டு, கழிவறைப் பழக்கம் வரை தெரிந்திருக்க வேண்டும். ஆரம்பப் பிரிவுக்கு வாசிப்பும் கணிதமும் கற்பிக்கும் முறை தெரிய வேண்டும். விசேட கல்விக்குப் பொறுமையோடு தனித்த நுட்பங்களும் வேண்டும்.

அரச பாடசாலைகளில் தொண்டராக நிற்கும் வழக்கமும் வடக்கில் உண்டு. சில இடங்களில் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சிறிய கொடுப்பனவு தரும். அனுபவத்துக்கு அது நல்ல வழி. ஆனால் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வருடக் கணக்கில் காத்திருக்காதீர்கள். இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நுழையும் பிரதான வழிகள் கல்வியியற் கல்லூரி டிப்ளோமாவும் பட்டமும்தான். உதவியாளர் பயிற்சி அவற்றுக்கு ஈடாகாது.

இரண்டு பெயர்க் குழப்பங்களையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். செய்திகளில் வரும் ‘ஆசிரிய உதவியாளர்’ நியமனம் மலையகப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென வழங்கப்பட்டது. இங்கு நாம் பேசும் வேலை அதுவல்ல. கோப்பாயில் இருக்கும் இரண்டு நிறுவனங்களில் ஆசிரிய கலாசாலை ஏற்கெனவே நியமனம் பெற்ற ஆசிரியர்களுக்கு உரியது. தேசிய கல்வியியற் கல்லூரி உயர்தரப் பெறுபேற்றின்படி இளவயதினரைச் சேர்ப்பது. உதவியாளர் பயிற்சி கேட்டு இந்த இரண்டு வாசல்களிலும் போய் நின்று வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

2. பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள்

உங்கள் ஊர் முன்பள்ளிப் பொறுப்பாசிரியரிடமோ பாடசாலை அதிபரிடமோ எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயர், விலாசம், எந்த நாட்களில் வர விரும்புகிறீர்கள், என்ன நோக்கம் என்று அரைப் பக்கக் கடிதம் போதும். அரச பாடசாலையானால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி தேவையா என்பதையும் அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என ஐந்து வலயங்கள் உள்ளன. பாடசாலை எந்த வலயத்துக்கு உரியதோ அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

வகுப்பின் பின்பக்கம் உட்காருங்கள். தொலைபேசியை அணைத்துவிடுங்கள். முழு வகுப்பையும் பார்க்க முயன்றால் எதுவும் தெரியாது. ஒரு பிள்ளையைத் தேர்ந்து அந்தப் பிள்ளையை மட்டும் பாருங்கள். ஆசிரியர் “கணிதக் கொப்பியை எடுங்கள்” என்று சொன்னதும் அந்தப் பிள்ளை பையைத் திறக்கிறதா, பக்கத்துப் பிள்ளை எந்தக் கொப்பியை எடுக்கிறது என்று முதலில் பார்க்கிறதா? பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்யும் பிள்ளை ஒன்றும் விளங்காமலே தவணை முழுவதையும் ஓட்டிவிடும். அதைக் கவனித்துப் பிடிப்பதுதான் உதவியாளரின் முதல் வேலை.

உங்களையும் கவனியுங்கள். குனிந்தும் நிலத்தில் உட்கார்ந்தும் எழும்பியும் காலை முழுவதும் நிற்க முடிகிறதா? முப்பது பிள்ளைகளின் சத்தம் தலையிடியாகிறதா? ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் துடைக்கக் கை போகிறதா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் பாடநெறியில் சேர்ந்தவர்கள்தான் பயிற்சியின் நடுவில் நின்றுவிடுகிறார்கள்.

3. ஆவணங்களை இந்த ஒழுங்கில் எடுங்கள்

முதலில் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர மற்றும் உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒன்றாக வைத்து உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருமணமான பெண்களுக்கு இங்கேதான் சிக்கல் வரும். சான்றிதழில் தந்தையின் பெயர் முன்னால் இருக்கும். அடையாள அட்டையில் கணவரின் பெயர் வந்திருக்கும். விவாகப் பதிவுச் சான்றிதழைச் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் போதும். எழுத்துகளே வேறுபட்டால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரலாம்.

இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். இதற்கு நாள் எடுக்கும் என்பதால் விண்ணப்பம் கோரும்வரை காத்திருக்காதீர்கள். மூலப் பிரதியை எங்கும் ஒப்படைக்க வேண்டாம். சமாதான நீதவானிடம் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளைக் கொடுங்கள்.

கிராம அலுவலரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தையும் மருத்துவச் சான்றிதழையும் கடைசியாக எடுங்கள். பழைய திகதியிட்டவற்றை ஏற்கமாட்டார்கள். பலர் இவற்றையே முதலில் வாங்கி வைத்துவிட்டு, நேர்முகத் தேர்வு வரும்போது மறுபடி அலைகிறார்கள். பிள்ளைகளோடு செய்யும் வேலை என்பதால் சில நிறுவனங்கள் பொலிஸ் அறிக்கையும் கேட்கும். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காமல் ஆட்களைச் சேர்க்கும் இடத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

4. பாடநெறியைத் தேர்ந்தெடுங்கள்

இப்போதுதான் பணத்தைப் பற்றிப் பேசும் நேரம். சேரும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, அந்த நிறுவனமும் அதன் பாடநெறியும், தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்தும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கின்றனவா என்பது. பதிவிலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தேசிய தொழில் தகைமை (NVQ) என்ற அரச அங்கீகாரமுள்ள தொழிற்சான்றிதழ் முறை ஏழு நிலைகள் கொண்டது. முன்பள்ளித் துறையில் சேருவோர் பொதுவாக நிலை 4ஐ இலக்காக வைக்கலாம். அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும். நிறுவனம் தானே அச்சிட்டுத் தரும் சான்றிதழ் அந்த ஊர் எல்லையைத் தாண்டினால் எடுபடாமல் போகலாம்.

இரண்டாவது கேள்வி, வகுப்பறைப் பயிற்சி எத்தனை வாரம், எந்தப் பாடசாலையில், யார் வந்து பார்ப்பார்கள் என்பது. “நீங்களே ஓர் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், கையொப்பம் வாங்கி வந்தால் போதும்” என்று சொன்னால் அங்கே சேராதீர்கள். மண்டபத்தில் இருந்து குறிப்பு எழுதி இந்த வேலையைக் கற்க முடியாது. ஒருவர் உங்களைப் பார்த்து, நிறுத்தி, திருத்த வேண்டும்.

மொழிமூலமும் முக்கியம். தமிழ்மூல வகுப்பில் நிற்கப்போகிறவர் தமிழிலேயே பயிலட்டும். பிள்ளையிடம் எந்தச் சொல்லால் விளக்குவது என்பதுதான் பயிற்சியின் பாதி. சர்வதேசப் பாடசாலையை நினைப்பவர்கள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியைச் சமாந்தரமாகத் தொடங்க வேண்டும்.

வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோர் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்தில் விசாரியுங்கள். அதன் கல்விப் பீடத்தில் முன்பிள்ளைப்பருவ, ஆரம்பக் கல்விக்கும் விசேட தேவைகள் கல்விக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. தொலைக்கல்வி என்பதால் வீட்டில் தானாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவர்களுக்குச் சிரமம். அப்படிப்பட்டவர்களுக்குக் கிழமை நாட்களில் நேரடியாக நடக்கும் வகுப்பே நல்லது.

5. முதலுதவியும் சிறுவர் பாதுகாப்பும் பிள்ளைகளைத் தொடுவதற்கு முன்

பாடநெறியில் இவை கடைசி மாதத்தில் வந்தாலும், நீங்கள் முதல் மாதத்திலேயே கற்றுவிடுங்கள். செஞ்சிலுவைச் சங்கம், சென் ஜோன் அம்புலன்ஸ் போன்றவை முதலுதவிப் பயிற்சி நடத்துவதுண்டு. ஆபத்து உங்கள் பாடத்திட்டம் முடியும்வரை காத்திருக்காது.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். அது பிழை, இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். பிள்ளையை இருத்தி, முன்பக்கம் சற்றுக் குனியச் செய்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் இரும்புத் திறப்பைக் கொடுக்க ஓடுவதும், வாயில் கரண்டி வைப்பதும் அதைவிடப் பெரிய பிழை. சுற்றியுள்ள வாங்கு, கதிரைகளை விலக்குங்கள். தலைக்குக் கீழே மென்மையான துணி வையுங்கள். நேரத்தைப் பாருங்கள். அசைவு நின்றதும் பக்கவாட்டில் திருப்பிக் கிடத்துங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, அதுவே அந்தப் பிள்ளைக்கு வந்த முதல் வலிப்பானாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

உடல் தண்டனைக்கு இடமில்லை. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. “எங்களை அடித்துத்தானே வளர்த்தார்கள்” என்ற எண்ணத்தோடு வருபவர் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். காதைப் பிடிப்பதும், முழங்காலில் நிறுத்துவதும், மற்றப் பிள்ளைகள் முன்னால் ஏளனம் செய்வதும் பிள்ளையைக் காயப்படுத்தும்.

பிள்ளை ஒன்று தனக்கு நடந்த துன்புறுத்தலைச் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். “ஒருவருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், சொல்லத்தான் வேண்டும். திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், ஏனெனில் அது விசாரணையைப் பாதிக்கும். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே அதிபரிடம் கொடுங்கள். அங்கே அசைவு இல்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கம் இருக்கிறது.

6. முதல் வாரங்களில் கண்ணுக்கே வேலை

முதலில் பெயர்கள். வரவு இடாப்பில் உள்ள பெயரும் வீட்டில் கூப்பிடும் பெயரும் வேறாக இருக்கும். முன்பள்ளிப் பிள்ளை இடாப்புப் பெயருக்குத் திரும்பாமல் இருந்தால் அது அடங்காமை அல்ல. இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பேசும்போது நீங்கள் பேசாதீர்கள். பிள்ளையின் காதில் மெதுவாக விளக்குவது உதவி போலத் தெரியும். ஆனால் பிள்ளை இரண்டு குரல்களுக்கு நடுவில் நின்று இரண்டையும் தவறவிடும். ஆசிரியர் முடித்த பின்னரே போங்கள்.

பிள்ளைக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நிற்காதீர்கள். மேலே நின்று குனியாமல், சிறிய கதிரையில் பிள்ளையின் கண்மட்டத்தில், எழுதாத கையின் பக்கம் உட்காருங்கள். எழுதும் கையின் பக்கம் இருந்தால் முழங்கை இடிபடும். இடதுகையால் எழுதும் பிள்ளையை வலதுகைக்கு மாற்ற முயல வேண்டாம். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

தரம் 1, 2 வகுப்புகளில் விளையாட்டும் செயற்பாடும் கூடுதலாகவும் மேசை வேலை குறைவாகவும் இருக்கும். தரம் 3, 4இல் இவை சமப்படும். தரம் 5இல் மேசை வேலை கூடும். நமது ஆரம்பக் கல்வியின் அமைப்பே இப்படித்தான். இது தெரியாத புதியவர் தரம் 1இல் பிள்ளைகள் களிமண்ணோடு இருப்பதைப் பார்த்து, நேரம் வீணாகிறதென்று எண்ணிக் கொப்பியை விரிக்கச் சொல்கிறார்.

7. பென்சில் பிள்ளையின் கையிலேயே இருக்கட்டும்

இந்த வேலையின் உயிர் இந்தப் படியில்தான். உதவிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் காத்திருங்கள், மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். பிள்ளை தொடங்கவில்லையென்றால் “என்ன செய்யச் சொன்னார்கள்?” என்று கேளுங்கள். பிறகு பார்க்க வேண்டிய இடத்தை விரலால் காட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால், வேறு தாளில் வேறு எண்களோடு ஒன்றைச் செய்துகாட்டுங்கள். கையைப் பிடித்து எழுதவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. புதியவர்கள் கடைசியில் இருந்து தொடங்குகிறார்கள். அப்படிப் பழகிய பிள்ளை நீங்கள் வரும்வரை பென்சிலைத் தொடாது.

பிள்ளையின் பிழையை நீங்கள் அழிக்காதீர்கள். அழிறப்பர் உங்கள் கைக்கு வந்தால் கொப்பி அழகாகிவிடும். ஆசிரியர் அதைப் பார்த்து வகுப்புக்கு விளங்கிவிட்டது என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். பிழை இருந்தால்தான் எங்கே கற்பிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்கள் உதவியோடு செய்த கணக்கின் பக்கத்தில் சிறிய அடையாளம் ஒன்று இட்டுவையுங்கள். எந்த அடையாளம் என்று ஆசிரியரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

வாசிப்பில் ஓர் உதாரணம். ‘கொக்கு’ என்ற சொல்லைப் பிள்ளை ‘கெ... கா...’ என்று தட்டுகிறது. கண் இடமிருந்து வலமாகப் போகிறது: கொம்பு (ெ), க, அரவு (ா). பிள்ளை பார்த்ததைத்தான் வாசிக்கிறது. மூன்றும் சேர்ந்து ஒரே ஒலி என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. “சரியாகப் பார்” என்று சொல்வதால் பயனில்லை. கெ, கா, கொ மூன்றையும் தனித்தனி மட்டைகளில் எழுதி அருகருகே வையுங்கள். பிறகு ‘கொ’ முழுவதும் தெரியும் அளவுக்கு ஒரு மட்டையில் சிறு சாளரம் வெட்டி, சொல்லின் மேல் நகர்த்துங்கள். ஒரு முறைக்கு ஓர் எழுத்து மட்டும் தெரியும்போது கண் அதை ஒன்றாக எடுக்கப் பழகும்.

கணிதத்தில் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளைகள் அதிகம். ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது. இது கவனக்குறைவல்ல, பிள்ளையிடம் ஒரு முறை இருக்கிறது, அது பிழையான முறை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குக் கட்டுகள் நான்கும் தனி ஈர்க்கு இரண்டும் மேசையில் வையுங்கள். “ஏழு எடு” என்றால் இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். அவிழ்த்தபின் பன்னிரண்டு, ஏழு போக ஐந்து. மிஞ்சிய மூன்று கட்டில் ஒன்று போக இரண்டு, இருபத்தைந்து. கொப்பியில் எழுதும் முறைக்கு ஆசிரியர் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறார் என்று கேட்டு அவற்றையே பயன்படுத்துங்கள். உங்கள் காலத்து முறையைப் புகுத்தினால் பிள்ளைக்கு இரட்டைக் குழப்பம்.

8. விசேட தேவையுள்ள பிள்ளையோடு நிற்கும்போது

நாள் முழுவதும் அந்தப் பிள்ளையோடு ஒட்டிக்கொண்டு உட்காருவதுதான் அதிகம் நடக்கும் பிழை. மற்றப் பிள்ளைகள் கிட்ட வரமாட்டார்கள்; பிள்ளையும் உங்களைத் தவிர ஒருவரோடும் பேசாது. தொடக்கிவிட்டு, எட்டி நின்று, மறுபடி வாருங்கள்.

பார்வைக் குறைபாடுள்ள பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள்; அது உங்கள் முழங்கையைப் பிடித்து அரை அடி பின்னால் நடக்கட்டும். செவிப்புலன் குறைந்த பிள்ளையிடம் பேசும்போது உங்கள் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உதடு தெரியாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்தி ஒட்டிவிடுங்கள். மாற்றம் வரும் முன்பே சொல்லுங்கள். திடீரென்று மணி அடிப்பதும் வரிசை மாறுவதும் அவர்களைக் கலங்கடிக்கும்.

9. குறிப்பேடும் வாயடக்கமும்

ஒவ்வொரு நாளும் ஐந்து வரி எழுதுங்கள்: திகதி, பிள்ளை, என்ன செய்தது, எந்த அளவு உதவி தேவைப்பட்டது. “சோம்பேறி”, “கெட்டிக்காரன்” என்று எழுத வேண்டாம். “மூன்று சொற்களைத் தானாக வாசித்தது, நான்காவதில் நின்றது” என்று எழுதினால் ஆசிரியருக்கு நாளைய பாடம் தெரியும்.

நம் ஊர்களில் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் உறவு. பாடசாலை வாசலில், பஸ்ஸில், கோயில் வீதியில், கலியாண வீட்டில் “என் பிள்ளை எப்படிப் படிக்கிறான்?” என்று கேட்பார்கள். “வகுப்பாசிரியரிடம் கேளுங்கள் அக்கா, அவர்தான் சரியாகச் சொல்வார்” என்று ஒரே பதிலைப் பழகிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைப் பற்றி மற்றப் பிள்ளையின் தாயிடம் சொன்ன ஒரு வார்த்தை போதும், அந்த வகுப்பில் உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காசு வாங்கி ரியூசன் கொடுக்காதீர்கள். ரியூசனுக்கு வரும் பிள்ளையைத்தான் வகுப்பில் கவனிக்கிறார் என்ற பேச்சு அடுத்த நாளே வரும். அது உண்மையாகவும் ஆகிவிடும்.

10. விண்ணப்பிக்கும்போது

பயிற்சியில் எழுதிய குறிப்பேடு, செய்த மட்டைகள், உங்களைப் பார்த்த ஆசிரியரின் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளின் பெயரும் படமும் அதில் இருக்கக் கூடாது. ஒரு வகுப்பில் சிறிது நேரம் நிற்கச் சொன்னால் பாட்டுப் பாடிக் கவர முயலாமல், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து 7ஆம் படியில் சொன்னதைச் செய்யுங்கள்.

சம்பளம், வேலை நேரம், விடுமுறைக் காலத்தில் கொடுப்பனவு உண்டா, தவணை முடிந்தால் என்ன என்பவற்றைக் கடிதத்தில் கேளுங்கள். தனியார் பாடசாலையானால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் நிறுவனத்தின் பங்காக 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 சதவீதமும் செலுத்த வேண்டும். “பழகும் காலம்தானே” என்று இதைத் தள்ளிப்போட இடங்கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே சான்றிதழ் இல்லாமல் சில வருடங்கள் வேலை செய்தவர்கள் புதிதாகப் பாடநெறியில் சேர வேண்டியதில்லை. முன்கற்றலை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமை வழங்கும் முறை இருக்கிறது. அதற்கு நீங்கள் செய்த வேலையின் சான்று வேண்டும்: சேவைக் கடிதம், குறிப்பேடுகள், செய்த கற்றல் உபகரணங்கள். பழைய குறிப்பேடுகளை எறிந்துவிடாமல் திகதி வாரியாகக் கட்டி வைத்திருங்கள். மதிப்பீட்டாளர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.